பெயரிடப்படாத பொத்தான்

விடியற்காலை மூன்று மணி.
பாம்பன் ஐஸ் கம்பெனியில் போன் என் பொறுப்பு.
எத்தனை பார் உடைப்பது என்று
படகுக்காரர்கள் கூப்பிடும் முன்னால்
இன்றைக்குக் கடல் உண்டா இல்லையா என்பது
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள்.
கண்ணுள்ளவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொள்வார்கள்.
எனக்கு யாராவது சொல்ல வேண்டும்.
சொல்கிறவன் தூங்கிப்போனால்
நூற்றிருபது பார் தண்ணீராகிவிடும்.
போன நவம்பரில் ஆனது.
முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.
அவர் சொல்லாதது இன்னும் காதில் கிடக்கிறது.

ஆகவே செயலி தேடினேன்.

முதலாவது திறந்ததும் "பொத்தான்" என்றது.
விரலை நகர்த்தினேன். "பொத்தான்."
இன்னும் கொஞ்சம். "பொத்தான், பெயரிடப்படாதது."
பதினொன்று வரை எண்ணினேன்.
பெயர் எழுதாத படகை
வடகடலில் யார் நம்புவார்கள்?
அழித்தேன்.

இரண்டாவதில் பெயர்கள் இருந்தன,
எல்லாம் விளம்பரத்துக்கு.
நகைக்கடை, வீட்டுக்கடன், முட்டிவலித் தைலம்,
பாதிச் செய்தி,
மறுபடி தைலம்.
வானிலை அறிக்கையைக் கண்டுபிடித்துத் தட்டினால்
"படம்" என்றது.
தாளில் அச்சடித்து, தாளைப் போட்டோ பிடித்து,
போட்டோவைச் செய்தி என்று போட்டிருக்கிறார்கள்.
காற்று எத்தனை வேகம்? படம்.
எந்தத் தேதி வரைக்கும்? படம்.

மூன்றாவது, கீழக்கரை சுலைஹா சிபாரிசு செய்தது.
அவளுக்கும் பார்வை இல்லை, வங்கியில் வேலை.
பாட்காஸ்ட் எல்லாம் மும்மடங்கு வேகத்தில்தான்.
"நீ கேட்கிறது பேச்சா கொசுவா?" என்றேன்.
"உன் காது நடக்குது, என் காது ஓடுது" என்றாள்.
அவள் செயலியில் இல்லாதது இல்லை.
எழுபது ஓடைகளை ஒரே மூச்சில் ஏற்றலாம்,
அடுக்கலாம், வடிகட்டலாம்,
தூங்கும் நேரம்கூடக் குறித்து வைக்கலாம்.
ஆனால் என் போனில் அது
தமிழை ஆங்கிலக் குரலிடம் ஒப்படைத்துவிட்டது.
அந்தக் குரல் எழுத்தையெல்லாம் தாண்டித் தாண்டிப் போய்
எண்ணை மட்டும் வாசித்தது:
ஃபிஃப்டி ஃபைவ். சிக்ஸ்டி ஃபைவ்.
கச்சான் காற்றா, நண்டு விலையா?

நான்காவது சின்னது. அழகா என்று எனக்குத் தெரியாது.
தலைப்பு, அடுத்த தலைப்பு, அதற்கடுத்தது.
இரண்டு விரலால் தட்டினால் வாயை மூடும்.
ஒரே ஒரு பொத்தானுக்குத்தான் பெயர் இல்லை.
விட்டிருக்கலாம். எழுதிக் கேட்டேன்.

மூன்றாம் நாள் பதில், கோவையிலிருந்து, பூவரசன் என்று ஒருவர்.
"மன்னிக்கவும். அது முப்பது நொடி பின்னால் போவதற்கு.
என்ன பெயர் வைத்தால் உங்களுக்கு வசதி?"

நாற்பத்தொரு வயதில்
முதல்முறையாக என்னிடம் ஒன்றுக்குப் பெயர் கேட்டார்கள்.
அன்றைக்குக் கணக்கில் இரண்டு பிழை.
நீளமாக வைத்தால் தினமும் நானே கேட்டுத் தொலைய வேண்டும்.
"முப்பது போதும்" என்றாள் சுலைஹா.
முப்பது என்றால் எனக்கு மீன்கூடை.
ராத்திரி எழுதி அனுப்பினேன், இரண்டே சொல்.

இன்று மூன்றரை.
அறிக்கை வாசிக்கிறது:
மன்னார் வளைகுடாவில் பலத்த காற்று,
மீனவர்கள் கடலுக்குச் செல்ல

அந்த நேரம் பார்த்துப் பாலத்துக்கு ரயில் வந்தது.
ஊதல், இரும்பு, மறுபடி ஊதல்.
தமிழில் வினை கடைசியில் வரும்.
கடைசியைத்தான் ரயில் தின்றது.
செல்லலாமா, செல்ல வேண்டாமா?
அதற்குள் செயலி தங்கம் விலைக்குப் போய்விட்டது.

போன் அடிக்கத் தொடங்கியது.
விரல் கீழே இறங்கி, இடதுபக்கம் தடவி நின்றது.
"திரும்பச் சொல், பொத்தான்."
தட்டினேன்.

சொன்னது.

"ஜெசிந்தாக்கா, நமக்கு முப்பது பார்."
"ஐஸ் வேணாம் தம்பி.
போய்க் கயித்தை இன்னொரு சுத்துக் கட்டு."